மாட்டுச் சந்தையில் மோகனம்

வேலந்தாவளம் சந்தையில் வண்டிகளை அவிழ்த்துப் போடும் இடத்தில், ஒரு பார வண்டியின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஒரு கோணிப்பை. பைக்குள் ஒரு கிடார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாணி, ஈர வைக்கோல், பக்கத்துக் கடையில் வேகும் பருப்பு வடை எல்லாம் கலந்த சந்தை வாசனை. சின்ன வயதிலிருந்து எனக்குப் பழகிய வாசனைதான். ஆனாலும் அன்று உள்ளங்கை வேர்த்து, கோணிப்பையில் கை பட்ட இடமெல்லாம் ஈரம்.

மாடுகள் கட்டியிருந்த வரிசைகளுக்கு அப்பால், ரோட்டைத் தாண்டி ஒரு டீக்கடை. அதன் வாசலில் கரும்பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மாள் நின்றிருந்தார். பர்வதம் டீச்சர். பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து, எனக்காகவே பஸ் ஏறி வந்திருந்தார். எனக்குக் கிடார் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

எங்களுக்குள் பேச்சு இதுதான். சந்தை நடக்கும் நேரத்தில் நான் வாசிக்க வேண்டும். அது டீக்கடை வரைக்கும் கேட்டால் அவர் தொடர்ந்து சொல்லிக்கொடுப்பார். கேட்காவிட்டால் கிடாரை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

"மாப்ள, மருந்தடிக்கற சாமானத் தூக்கிட்டு வண்டி மேல ஏறி உக்காந்துட்டீங்க? யாருக்குங்க மருந்தடிக்கப் போறீங்க?"

கேட்டவர் நாச்சிமுத்து மச்சான். என் மனைவியின் அண்ணன். நாங்கள் இருவரும் சேர்ந்துதான் மாட்டுத் தரகு செய்தோம். அந்தப் பைக்குள் இருப்பது பயிருக்கு மருந்தடிக்கிற சாமான் என்று ஒரு வருஷமாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் யாரோ கேட்டபோது நான் அப்படிச் சொல்லிவைத்தேன். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

பையின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன். கயிறு அவிழ்வதற்குள், நான் எப்படி அந்த வண்டி மேல் வந்து உட்கார்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

துண்டுக்கு அடியில்

எங்கள் சந்தையில் மாட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். தரகர் தன் தோள் துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொள்வார். எதிரில் இருப்பவர் துண்டுக்கு அடியில் கையை விடுவார். பிறகு எல்லாம் விரல்தான். எந்த விரலைப் பிடித்தால் என்ன விலை, மடக்கினால் எவ்வளவு குறைவு என்பது இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு எதுவும் தெரியாது. முகத்திலும் காட்டக் கூடாது. துண்டு லேசாக அசையும், அவ்வளவுதான்.

என் அப்பா எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியதை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். "தம்பி நல்லா வருவான்" என்று சந்தையில் என்னைச் சொன்னார்கள். காரணம் திறமை இல்லை. கூச்சம்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிட்டால் எல்லோரும் "உள்ளேன் ஐயா" என்பார்கள். நான் கையை மட்டும் தூக்குவேன். என்னைப் போன்றவனுக்கு, வாய் திறக்காமல் பிழைக்கிற தொழிலைவிட வேறென்ன வேண்டும்?

என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனதும் இப்படித்தான். பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். தலையை ஆட்டினேன். எதற்குக் கேட்டாலும் தலையை ஆட்டினேன். கல்யாணம் முடிந்து வெகுநாள் கழித்து வேலாத்தா சொன்னாள்:

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்கள ஊமைன்னே நெனச்சுப்போட்டனுங்க. பரவால்ல, சண்டை வராதுன்னுதான் சரின்னேன்."

சண்டை வந்தது. அவள் போடுவாள், நான் கேட்டுக்கொள்வேன்.

கல்பாத்திக்குப் போன மாடு

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். மழை பிந்தியதால் தீவனம் இல்லாமல் நல்ல கறவை மாடுகள்கூடச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. கல்பாத்தியில் ஒரு வீட்டுக்கு மாடு வேண்டும் என்று தகவல் வந்தது. நானும் மச்சானும் ஒரு செவலை மாட்டை ஓட்டிக்கொண்டு போனோம்.

அந்த வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாதி வாழ்க்கையைக் கரக்பூரில் கழித்துவிட்டுச் சொந்த வீட்டுக்குத் திரும்பியிருந்தார். மாட்டைச் சுற்றிப் பார்த்தார். மடியைத் தொட்டார். கையைக் கழுவிவிட்டு வந்து, "சரி, வெலை பேசலாமா?" என்றார்.

நான் வழக்கம்போலத் துண்டை உதறி, கைமேல் போட்டு நீட்டினேன்.

"ஓ, ரொம்ப சந்தோஷம்" என்றார் அவர். துண்டை எடுத்து இரண்டு கைகளையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு, மடித்து என்னிடமே கொடுத்தார்.

என் வலது கை மட்டும் விரல் விரித்தபடி காற்றில் நின்றது. மச்சான் மாட்டின் மறுபக்கம் போய்க் குனிந்துகொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. வீணை இல்லை. வயலினும் இல்லை. ஒரு சுரம் மெல்ல நகர்ந்து அடுத்த சுரத்துக்குப் போனது. வழியில் எங்கும் கால் ஊன்றவில்லை. நனைந்த தரையில் ஒரு குழந்தை சறுக்கிக்கொண்டு போவது போல இருந்தது.

விலையை மச்சான்தான் வாயால் பேசி முடித்தார். அவர் மாட்டைக் கொட்டிலில் கட்டப் போனார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். உள்ளேயிருந்து அந்த வீட்டு அம்மாள், பர்வதம் டீச்சர், வந்தார்.

"வெலைதான் பேசியாச்சே. இன்னும் என்னமோ கேக்கணும்னு நிக்கறேள் போல இருக்கே?"

"அதுங்க... உள்ள... சத்தம்..."

"கிடார். மடியில படுக்க வெச்சு வாசிக்கறது. ஹவாயன் கிடார்னு பேர். கரக்பூர்ல எங்க காலனிக் கொழந்தைகள் அத்தனை பேருக்கும் நான்தான் சொல்லிக்குடுத்தேன், கேட்டேளா. இங்கயும் கொஞ்சம் பேர் வரா."

எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. "என்னாலயும் ஆகுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "வலது கையை நீட்டுங்கோ" என்றார். "ஒவ்வொரு விரலா அசையுங்கோ. மத்த விரல் அசையப்படாது."

அசைத்தேன்.

"அட! விரலெல்லாம் தனித்தனியா நன்னா அசையறதே. எங்க பழகினேள்?"

"சந்தையிலங்க."

ரகசியம் பேசும் விரல்

ஞாயிற்றுக்கிழமைதோறும் கொழிஞ்சாம்பாறை வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். கூடப் படித்தவர்கள் எல்லோரும் ரயில்வேக்காரர் வீட்டுப் பெண் பிள்ளைகள், பாவாடையும் ரிப்பனுமாக. நடுவில், வேட்டியும் மீசையுமாக நான். முதல் நாள் ஒரு சிறுமி டீச்சரிடம், "இந்த மாமா பெட்டி தூக்க வந்திருக்காரா?" என்று கேட்டாள். அடுத்த மாதம் அவளே என் சுருதி சரியில்லை என்று திருத்தினாள்.

கிடாரை மடியில் கிடத்த வேண்டும். இடது கையில் ஓர் உருளை இரும்பைப் பிடித்து, தந்திகளை அழுத்தாமல் மேலாகத் தொட்டபடி நகர்த்த வேண்டும். வலது கையில் கட்டைவிரலுக்கும் பக்கத்து விரல்களுக்கும் மோதிரம் போல நகம் மாட்டிக்கொண்டு தந்தியைத் தட்ட வேண்டும். இரும்பு நூலிழை தள்ளி நின்றாலும் சுருதி போய்விடும். எனக்கு அது சீக்கிரமே பிடிபட்டது. பிள்ளைகள் கிடாரின் கழுத்தில் இருக்கும் கோடுகளைப் பார்த்துப் பார்த்து இரும்பை வைப்பார்கள். நான் எங்கோ பார்த்துக்கொண்டு வைப்பேன். விரல் வேலை செய்யும்போது கையைப் பார்க்காமல் இருப்பது என் தொழில் அல்லவா?

வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகுவதற்காக, யாரோ மாணவி விட்டுப்போன ஒரு பழைய கிடாரை டீச்சர் கொடுத்தார். வேலாத்தா அதற்கு இரட்டைக் கோணியில் பை தைத்தாள். மனைவியிடம் மட்டும் என்னால் மறைக்க முடியவில்லை.

நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பேன். அவள் அடுப்படியிலிருந்து கத்துவாள்:

"ஏனுங்க, ஆரம்பிச்சாச்சுங்களா?"

"முடிச்சே போட்டேன்."

"அடக் கடவுளே! ஊட்டுக்குள்ள இருக்கற எனக்கே கேக்க மாட்டீங்குது. அத்தனை தூரம் பஸ் ஏறிப் போயி, சத்தம் போடாம இருக்கறதுக்கா படிக்கறீங்க?"

டீச்சரும் வேறு மாதிரி அதையேதான் சொன்னார். அவர் மோகன ராகத்தில் ஒரு சின்ன மெட்டுக் கட்டியிருந்தார். அதை நான் பிசகில்லாமல் வாசித்து முடித்ததும் கேட்டார்:

"கந்தசாமி, உங்க துண்டுக்கடியில ரெண்டு பேர் விரல் பேசறதே, மூணாவது ஆளுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"யாவாரமே கெட்டுப் போயிருமுங்க டீச்சர்."

"அதாக்கும் விஷயம். உங்க விரல் ரகசியம் பேசியே பழகிடுத்து. இது ரகசியம் பேசற சாமான் இல்லை. தெருக்கோடிக்குக் கேக்கறதுக்குன்னு செஞ்ச சாமான்."

அவர் சொன்னது சரிதான். புரிந்தது. ஆனால் புரிந்ததும் விரல் கேட்டுவிடுமா? நகத்தைத் தந்திக்குக் கொண்டுபோவேன். கடைசி நொடியில் ஏதோ ஒன்று கையைப் பிடித்து இழுக்கும். வருடிவிட்டுத் திரும்பிவிடும்.

"இனி வாசிக்கலாமே!"

டீச்சர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. படிக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை வெளியார் முன்னால் வாசிக்க வேண்டும். வாசிக்காதவர்களுக்கு அடுத்த வருஷம் பாடம் கிடையாது. "தனக்குத்தானே வாசிச்சுக்கறதுக்கு டீச்சர் எதுக்கு?" என்பார்.

அந்த வருஷ வாசிப்பு, டீச்சரின் தெருக்கோடியில் இருந்த ஒரு சிறிய ஹாலில். பெற்றோர்களும் அக்கம்பக்கத்தாரும் வந்திருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசித்துக் கைத்தட்டு வாங்கினார்கள். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். மேடையில் விரித்திருந்த ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன். அத்தனை கண்கள். அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். அந்த அமைதி எனக்கு யாரோ மேல்துண்டைப் பிடுங்கிக்கொண்டது போல இருந்தது.

குனிந்த தலை நிமிராமல் மெட்டை முழுவதும் வாசித்தேன். ஒரு சுரம்கூடத் தவறவில்லை. முடித்துக் கையை எடுத்தேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், உற்சாகம் கொடுக்கிறவர் போல என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சுருதி சேத்தாச்சோ? பேஷ். இனி வாசிக்கலாமே!"

ரிப்பன் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டன. நான் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். செருப்பை எடுத்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிடாரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பையோடு தூணில் சாய்த்து வைத்தேன். டீச்சர் அதைத் தொடவில்லை.

"போறும்னு தோணித்தா?"

"சட்டம் இருக்குதுங்களே டீச்சர்."

"சட்டம் இருக்கு. ஆனா எடம் தப்பு. நான் யோசிச்சேன். ஹால்ல எல்லாரும் சத்தமில்லாம ஒக்காந்தா, நீங்களும் மெதுவா வாசிச்சேள். சத்தம் இருக்கற எடத்துல வாசிச்சுப் பாருங்கோ. உங்க சந்தையில மாடு கத்தும் இல்லையா?"

"டீச்சர்! அங்க வேண்டாமுங்க. அங்க இருக்கறவங்க அத்தனை பேரும் தெரிஞ்சவங்க. காலம் பூரா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

"சிரிக்கணும்னா கேக்கணுமே. கேக்கற மாதிரி வாசியுங்கோ, அப்பறம் சிரிக்கட்டும்."

கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். வீட்டில் சொன்னபோது வேலாத்தா, "போங்க, போய் வாசிங்க. என்ன, எங்கண்ணன் ரெண்டு வருஷம் கிண்டல் பண்ணும். நான் கல்யாணமானதுலருந்து அதோட கிண்டலக் கேக்கலையா?" என்றாள்.

டீக்கடை வரைக்கும்

கயிறு அவிழ்ந்தது. கிடாரை வெளியே எடுத்து மடியில் கிடத்தினேன். மச்சான் கிட்டே வந்து பார்த்தார்.

"அடேங்கப்பா! மருந்தடிக்கற சாமானுக்குத் தந்தியெல்லாம் கட்டியிருக்குது! டேய், இங்க வாங்கடா, எங்க மாப்ள கச்சேரி பண்ணப் போறாரு!"

நாலைந்து பேர் வந்தார்கள். நகங்களை மாட்டினேன். முதல் வரியை வாசித்தேன். சரியாக அதே நேரத்தில், வண்டிக்குப் பின்னால் கட்டியிருந்த எருமை ஒன்று நீளமாகக் கத்தியது. எனக்கே கேட்கவில்லை.

"மாப்ள, கொசு பாடறாப்பல இருக்குதுங்க" என்றார் மச்சான். வந்தவர்கள் சிரித்துவிட்டு, அவரவர் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்கள். ரோட்டுக்கு அப்பால் டீச்சர் அசையாமல் நின்றார். முகம் தெரியவில்லை. கேட்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அவர்கள் போனதும் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவன் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவன் லாடம் அடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். கன்றுகள் கத்தின, கழுத்து மணிகள் ஆடின, எவனோ எவனையோ திட்டினான். அந்த இரைச்சல் மொத்தமும் ஒரு பெரிய துண்டு போல என்மேல் விழுந்து மூடியிருந்தது. இதற்கு அடியில் நான் என்ன செய்தாலும் யாருக்குத் தெரியப் போகிறது?

அந்தத் தைரியத்தில் கட்டைவிரலை ஓங்கித் தட்டினேன்.

தந்தி அதிர்ந்தது. மடி அதிர்ந்தது. உட்கார்ந்திருந்த வண்டிப் பலகைகூட அதிர்ந்தது போலத் தோன்றியது. இடது கை இரும்பை நகர்த்தினேன். சுரம் கிளம்பி, கீழேயிருந்து மேலே, ஒரே இழுப்பில் போய் நின்றது. நான் வாசித்ததை நானே காது நிறையக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் ஓங்கித் தட்டினேன். அடுத்த வரி, அதற்கடுத்த வரி. விரல் திரும்பி வரவில்லை. எதுவும் அதைப் பிடித்து இழுக்கவில்லை.

மேல் ஷட்ஜத்தில் இரும்பை நிறுத்தி அசைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. தலையைத் தூக்கினேன்.

இரைச்சல் குறைந்திருந்தது. லாடம் அடிக்கிறவர் சுத்தியலைத் தூக்கியபடி இருந்தார். பல் பார்த்தவன் மாட்டின் வாயை விட்டிருந்தான். வண்டிக்கு முன்னால் இரண்டு பேர் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கைமேல் கிடந்த துண்டு அசையவில்லை. எங்கள் சந்தையில் மழை வந்தாலும் அந்தக் கை நிற்காது. மாடு மிரண்டு ஓடினாலும் நிற்காது. அன்றைக்கு நின்றது.

என்மேல் கிடந்த துண்டை இரண்டாவது முறையாக யாரோ எடுத்துவிட்டார்கள். ஆனால் இப்போது நான் பாட்டின் நடுவில் இருந்தேன். நடுவில் விட்டுவிட்டுப் போக முடியாது. போகவும் தோன்றவில்லை. இறங்குவரிசையை, ஒவ்வொரு சுரமாக, டீக்கடையைப் பார்த்தபடியே தட்டினேன். கடைசிச் சுரம் தேய்ந்து அடங்கும்வரை இரும்பை எடுக்கவில்லை.

யாரும் கைத்தட்டவில்லை. எங்கள் சந்தையில் அந்த வழக்கம் இல்லை. மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மாப்ள... நீங்களா வாசிச்சீங்க?"

"ஆமாங்க மச்சான்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!" அவர் குரலில் கோபமும் இருந்தது, கண்ணில் வேறு என்னவோ இருந்தது.

அதற்குள் டீச்சர் ரோட்டைத் தாண்டிவிட்டார். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாணியில் மிதிக்காமல், மாடுகளுக்கு நடுவே பார்த்துப் பார்த்து வந்தார். கூட்டம் வழிவிட்டது.

"எங்க டீச்சருங்க" என்றேன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

டீச்சர் வண்டியருகே வந்து நின்றார். "நடுவுல இருந்து கடைசி வரைக்கும் அட்சரம் அட்சரமா கேட்டுது. ஆனா ஆரம்பம் கேக்கலை. அதனால முக்கால்தான் பாஸ்."

மச்சான் துள்ளி முன்னால் வந்தார். "ஏனுங்கம்மா, என்ன இது? முக்காலுங்களா? ஆரம்பத்துல அந்த எருமை கத்திப்போடுச்சு. அதுக்கு எங்க மாப்ள என்னங்க பண்ணுவாரு?"

"எருமைக்கு மேல வாசிச்சிருக்கணும்."

"எருமைக்கு மேல எந்த மனுசனாலயும் முடியாதுங்க! டேய், அந்த எருமைய அவுத்து அக்கட்டால கட்டுங்கடா! அம்மா, நாயமாச் சொல்லுங்க. முழுசாப் போட்டுருங்க."

"முழுசு போடணும்னா முழுசா கேக்கணும்."

"கேளுங்க. யாரு வேண்டாங்கறது? மொதல்லருந்து வாசிப்பாரு. ஆனா முழுசு போட்டுருவீங்கன்னு இத்தனை பேர் முன்னால சொல்லிப்போடோணும்."

"நன்னா வாசிச்சாத்தான்."

"வாசிப்பாருங்க. அதுக்கு நான் பொறுப்பு."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவரவர் பங்குக்குப் பேசினார்கள். "போட்டுருங்கம்மா!" "நல்ல கைங்கம்மா!" "எங்க கந்தனுங்க அது!" அந்தச் சந்தையில் ஒரு பேரம் வாய்விட்டு, எல்லோர் காதிலும் விழ, அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. காலமெல்லாம் நான் மற்றவர்களுக்குத் தரகு பேசியிருக்கிறேன். அன்று எனக்காக ஒரு சந்தையே தரகு பேசியது. கண் கலங்கிவிடும் போலிருந்தது. குனிந்து நகங்களைச் சரி செய்வது போல இருந்தேன்.

"சரி, சம்மதம்" என்றார் டீச்சர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, வந்த வழியே டீக்கடைக்குத் திரும்பி நடந்தார்.

மச்சான் என்னிடம் வந்தார். "மாப்ள, முடிச்சாச்சு. மொதல்லருந்து வாசிங்க. டேய், எல்லாரும் சித்த சும்மா இருங்கடா!"

"வேண்டாமுங்க மச்சான்" என்றேன். "அவங்க பாட்டுக்குச் சத்தம் போடட்டும். நான் வாசிக்கிறேன்."

டீச்சர் கடை வாசலுக்குப் போய்த் திரும்பி நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு முதல் சுரத்தை, இருந்த பலத்தையெல்லாம் கூட்டித் தட்டினேன்.

டீச்சருக்கு முன்பாகவே, கையில் பால் சொம்போடு கடைக்காரர் வெளியே ஓடிவந்து அங்கிருந்து கத்தினார்:

"கேக்குதுங்கோ!"